தோட்டத்துக்குப் பக்கத்தில் குடி வந்து 14 மாதம்: பெரியவர்களையும் வீட்டையும் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறீர்கள்?

கோபி மருமகள் எழுதியது:

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 12 வருடம் பெங்களூரில் இருந்தோம். போன வருடம் சித்திரையில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. கிணற்று மோட்டார் போடப் போன மாமா வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் அந்த நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. 78 வயதில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். அத்தை முழித்துப் பார்த்து, ஆளைக் காணோமே என்று தேடிப் போக முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நேர் வழியான திம்பம் மலைப்பாதையில் ராத்திரியில் வண்டி விடமாட்டார்கள். அதனால் ஒசூர், கிருஷ்ணகிரி, சேலம், பவானி என்று சுற்றிக்கொண்டு நாங்கள் வந்து சேரும்போது காலை எட்டரை. வழி முழுக்க என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆனது, நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் இனி தூரத்தில் இருக்க முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். ஆனியில் கோபிசெட்டிபாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். தோட்டம் கூகலூர்ப் பக்கம், 7 கிலோமீட்டர். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், மாதத்தில் ஒரு வாரம் பெங்களூர் போய் வருகிறார். நான் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டேன்.

வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை.

நோம்பிக்கு (பண்டிகைக்கு) வந்து போன காலத்தில் எங்களை ஒறம்பரை (விருந்தாளி) மாதிரிக் கவனித்தார்கள். இப்போது வருகிற ஒறம்பரைக்கெல்லாம் காபி போடுவது நான். ஆவணி முகூர்த்தம் தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு விசேஷம். "பக்கத்துலதான இருக்கறீங்க, வந்துட்டுப் போலாமுல்ல" என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. கேஸ் தீர்ந்தால் போன், டிவி ஓடவில்லை என்றால் போன், அத்தைக்குத் தலை சுற்றினாலும் போன். எல்லாமே ஒரே அவசரத்தில் வருகிறது. எது உண்மையிலேயே அவசரம் என்று போனை எடுத்த பிறகுதான் தெரிகிறது.

பையன் எட்டாவது படிக்கிறான். பெங்களூரில் கன்னடமும் இந்தியும் படித்தவன். இங்கே எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் தமிழ் பாடம் படித்தாக வேண்டும், 2006-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. தமிழ் பேசுவான், எழுத வராது. முதல் பரீட்சையில் 100-க்கு 19. அதைப் பார்த்து உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய நேரத்தில் நான் தோட்டத்தில் இருக்கிறேன்.

அப்புறம் என் அம்மா. சென்னிமலையில் தனியாக இருக்கிறார், 70 வயது. அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. இங்கே வந்ததில் அம்மாவுக்கும் பக்கமாகிவிட்டோம் என்றுதான் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். 14 மாதத்தில் ஏழு தடவைதான் போயிருக்கிறேன். ஆறாவது தடவை போனபோது அம்மா சமையல்கட்டில் டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழம்பில் போட்டார். உப்பா சர்க்கரையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. புரை முற்றியிருக்கிறது. "உனக்கு அங்கயே நேரமில்ல கண்ணு, இதை எதுக்குச் சொல்லோணும்னு உட்டுட்டேன்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது பெருந்துறை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

மாமாவையும் அத்தையையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் என்னிடம் பாசமாகத்தான் இருக்கிறார்கள். நான் கேட்பது இரண்டுதான். மாமா மறுபடியும் ராத்திரி மோட்டார் போடப் போகிறார், எப்படி நிறுத்துவது? இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பார்க்கிறவர்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள்?


தாராபுரத்தான் எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அக்கா. "பக்கத்துலதான இருக்கறீங்க" என்பதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.


பொள்ளாச்சித் தென்னை எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பை நீங்கள் செய்துவிடக் கூடாது.

எங்கள் தோட்டம் ஆனைமலைப் பக்கம். சென்னை வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்காக வந்தேன். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய ஆரம்பித்தேன். அப்பா நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்து நாளில் கட்டுத்தரையில் இருந்த நான்கு காங்கயம் மாடுகளையும் விற்றுவிட்டேன். பார்க்க ஆள் இல்லை, தீவனச் செலவு வேறு. கணக்குப் போட்டால் சரியான முடிவுதான்.

வீடு திரும்பிய மறுநாள் விடிகாலை நாலரைக்கு எழுந்து கட்டுத்தரைக்குப் போனார். வெறும் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. "எல்லாத்தையுமா குடுத்துட்ட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் தினமும் அதே நேரத்துக்குப் போய் நின்றுவிட்டு வருவார். மறதி நோய் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, மாடு போனதால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ள அவர் கையில் இருந்த கயிறு அது. அதை நான் அறுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஒரு கிடாரிக் கன்று வாங்கிக் கட்டினேன். அதற்குள் அவருக்குக் கன்றின் மேல் கை வைத்துத் தடவ மட்டும்தான் தெரிந்தது.

பொழுது சாய்ந்தால் "வூட்டுக்குப் போலாம் வா" என்பார், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு. முதலில், இதுதானப்பா வீடு என்று வாதாடுவேன், அவர் கோபப்படுவார், அம்மா அழுவார். பிறகு பழகிக்கொண்டேன். "சரி வாங்கப்பா" என்று கையைப் பிடித்துக் கிணற்றைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, "வந்துட்டமுங்கப்பா" என்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உள்ளே போவார். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அந்தக் கிணற்றை நான் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் படுக்கிறேன்.

உங்கள் மாமாவிடம் "மோட்டார் பக்கமே போகாதீங்க" என்று சொல்லாதீர்கள். செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மும்முனை கரண்ட் வந்தால் தானாகவே ஓடுகிற மாதிரியும் வைக்கலாம். ஆனால் அந்த போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும், மகன் கையில் இல்லை.


ஈரோடு செவிலி எழுதியது:

25 வருடமாக வார்டில் வேலை பார்க்கிறேன். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன்.

ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ராத்திரி எழுந்தவுடன் நடக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். பாத்ரூம் போகிற வழியில் விடிய விடிய ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சுவரில் கைப்பிடி வையுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். தோட்டத்து வீடுகளில் பாத்ரூம் வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கும். மழைநாளில் அந்தப் பத்தடி பாசியில்தான் பாதிப்பேர் விழுகிறார்கள்.

இரண்டாவது, எது அவசரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால், ஆளை மாற்றிச் சொன்னால், ஓயாமல் தூங்கினால், அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108. மூளையில் ரத்தக்கட்டு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அத்தைக்குத் தலை சுற்றல் என்று போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இந்த மூன்றைத்தான். ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க அலைகிறீர்கள் என்றால், 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித்தருவதும் அதில் உண்டு. உங்கள் அம்மாவின் பெயரையும் பதியுங்கள்.

அம்மாவின் கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். புரைக்கு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கண் தெரியாமல் தனியாக இருக்கிறவர் அடுத்து விழுவார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, தினமும் பார்க்கிறேன்.


காங்கயம் மகள் எழுதியது:

கோபி தங்கச்சிக்கு. உங்கள் இரண்டாவது கேள்விக்காகவே உள்ளே வந்தேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-இல் ஒன்று வந்தது. பெற்றவர்களைப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்று அதில் எழுதியிருக்கிறது. மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. நம் வீடுகளில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மருமகள்தான் முதலில், மகள் என்றால் கடைசியில்கூட இல்லை. சட்டத்தைக் காட்டி வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவைப் பார்ப்பது நீங்கள் புகுந்த வீட்டில் அனுமதி கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். எனக்கு அது புரியவே 46 வயது ஆனது.

என் அம்மாவும் இப்படித்தான். "பொண்ணு வூட்டுல போய் உக்காந்துக்கிட்டான்னு ஊரு பேசும்" என்று என் வீட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கமாட்டார். என்னிடம் பணமும் வாங்கமாட்டார். நான் வற்புறுத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். கடைசியில் என் தெருவுக்குப் பின்தெருவில் ஒற்றை ரூம், சமையல்கட்டு உள்ள வீடு ஒன்று காலியானது. அம்மா ஊர் வீட்டை வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் இந்த வாடகையை அவரே கொடுக்கிறார். அடுப்பு அவருடையது, சாவி அவருடையது. அரிசியும்பருப்பும் சாதம் செய்தால் பேரனுக்குத் தூக்குப்போசியில் கொடுத்துவிடுகிறார். என் வீட்டில் தங்கவில்லை, ஆனால் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். ஊரும் ஒன்றும் பேசவில்லை.

உடனே இதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சென்னிமலையை விட்டு வர உங்கள் அம்மாவுக்கு மனம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமலேயே ஆறு மாதம் வீடு தேடினேன். கேட்ட அன்றைக்கே முடிந்துவிட்டது.


டல்லாஸ் கொங்கன் எழுதியது:

நான் தூரத்தில் இருக்கிறவன். தம்பி குடும்பம்தான் பெருந்துறையில் அம்மாவைப் பார்க்கிறது. பல வருடம் நான் செய்தது இதுதான்: வாரக் கடைசியில் போன் செய்து "அம்மா ஏன் இளைச்சுட்டாங்க, வேற டாக்டர்கிட்டக் காட்டு" என்று தம்பிக்கு உத்தரவு போட்டேன். தம்பி மனைவி ஒரு நாள் போனை வாங்கி, "நீங்க ஒரு மாசம் வந்து பாருங்க மாமா" என்று அமைதியாகச் சொன்னாள். சுருக்கென்று இருந்தது. இப்போது வருடத்துக்கு ஐந்து வாரம் லீவு சேர்த்து வைத்துக்கொண்டு போகிறேன். அந்த ஐந்து வாரமும் அம்மா என் பொறுப்பு. தம்பி குடும்பம் ஊட்டிக்கோ அவளுடைய அம்மா வீட்டுக்கோ போய்விடும். பகலில் அம்மாவுக்குத் துணைக்கு வருகிற பெண்ணின் சம்பளமும் நான்தான் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் இதை வெளிப்படையாகக் கேளுங்கள்.


தாராபுரத்தான் எழுதியது:

பணம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் இப்படி இருந்தால் நான் இங்கே எழுதவே தேவையிருக்காது. எங்கள் வீட்டில் அண்ணன் மாதம் பணம் போடுகிறார், அதோடு முடிந்தது. அப்பாவுக்கு டயப்பர் மாற்றுவது நான். சொந்தக்காரர்கள் மத்தியில் "பெரியவன்தான் எல்லாச் செலவும் பண்றான்" என்று பேர். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் முடியாது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நிற்கிற ஆளுக்கு ஒரு வார்த்தையாவது வேண்டாமா?

இன்னொன்று. எங்கள் மூத்த அத்தை தன் காட்டை (விவசாய நிலத்தை) பெரிய மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் அவருக்குத் திண்ணைதான் மிஞ்சியது. மேலே அக்கா சொன்ன 2007 சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்க்கவில்லை என்றால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் அத்தையின் பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லை, அதனால் ரொம்ப அலைந்தோம். எழுதிக்கொடுக்கிற பெரியவர்கள் அந்த வரியைப் பத்திரத்தில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் உயிலாக எழுதி வையுங்கள், கடைசிவரை மாற்றிக்கொள்ளலாம். எங்கே போவது என்றே தெரியாத பெரியவர்களுக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

சூடாக எழுதிவிட்டேன். டல்லாஸ் அண்ணன் மேல் கோபம் இல்லை.


அவிநாசி ஓய்வாசிரியர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிற இடத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் பார்த்துக்கொள்ளப்படுகிற இடத்தில் இருக்கிறேன். வயது 74. மனைவி தவறி மூன்று வருடம் ஆகிறது. மகன் எனக்காகவே புனேயிலிருந்து கோவைக்கு மாற்றல் வாங்கி வந்தான்.

அவன் வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. அவன் புனேயில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் பேசுவான். அவன் ஆபீஸ், என் பழைய மாணவர்கள், அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் குளத்துக்கு வந்த கதை, எல்லாம் பேசுவோம். இப்போது வாரத்துக்கு மூன்று தடவை நேரில் வருகிறான். வந்ததும் "மாத்திரை போட்டீங்களா, சுகர் எவ்வளவு, கரண்ட் பில் வந்துச்சா?" கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறான். எனக்கு மகன் பக்கத்தில் வந்தான், பேச்சு தூரமாகப் போய்விட்டது. அவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவம், அவ்வளவு ஓடுகிறான்.

கோபி அம்மணி, உங்கள் மாமாவும் அத்தையும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் போன் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸுக்காகவும் டிவிக்காகவும் மட்டும் அந்தப் போன் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை இருந்தால்தான் நீங்கள் வருவீர்கள் என்று அவர்கள் மனதில் பதிந்துபோயிருக்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேலையும் இல்லாமல் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நாள் எது என்று முன்பே சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வருவாள் என்று தெரிந்தால் திங்கட்கிழமை நான் போன் செய்யமாட்டேன்.

இன்னொன்று, வாத்தியார் புத்தி. எட்டாவது படிக்கிற பையனுக்குத் தமிழ் எழுத வரவில்லை. 78 வயதுக்காரருக்குத் தோட்டத்து வேலையைக் குறைக்க வேண்டும். பேரனை அப்பாரு பக்கத்தில் உட்காரவைத்துப் பேப்பரில் தலைப்புச் செய்திகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும். பிழையைத் திருத்துவது அவர் வேலை. இலக்கணம் பிறகு வரட்டும்.


கோபி மருமகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லோருடைய பதிலையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பொள்ளாச்சி அண்ணன் எழுதியதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. ஆறு நாள் சென்னிமலையில் தங்கினேன். கிளம்பும்போது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் போன் செய்து, "சம்பந்தியம்மாளுக்குக் கட்டு அவுத்தாச்சா?" என்று கேட்டார். அந்த ஆறு நாளும் அவரே சந்தகை பிழிந்து, மகனுக்கும் பேரனுக்கும் கோபிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். நான் இல்லாவிட்டால் அத்தை சரியாகச் சாப்பிடமாட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன், கோபிக்கு வருகிறீர்களா என்று. "மலைக்கோயில் மணி கேக்காத ஊருல எனக்குத் தூக்கம் வராது கண்ணு" என்றார். சரி. பக்கத்து வீட்டில் தறி ஓட்டுகிற அக்காவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவது என்று முடிவு. அந்த இரண்டு நாளும் தோட்டம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் பெங்களூர் போகிற வாரத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. திருப்பூரில் இருக்கிற நங்கையிடம் (வீட்டுக்காரரின் அக்காவிடம்) கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை சும்மா போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் மாமா பதறிவிட்டார், என்ன விஷயம் என்று மூன்று தடவை கேட்டார். இரண்டாவது வாரம், 1977-இல் பாகப்பிரிவினை ஆன கதையை முழுக்கச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி 15 வருடத்தில் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை.

மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வைத்தாயிற்று. போன் மாமா தலைமாட்டில் இருக்கிறது. கரண்ட் வந்தால் மெசேஜ் வரும், படுத்தபடியே போடுகிறார். ஆனால் போட்ட பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று வாசல் வரைக்கும் எழுந்து வருகிறாராம், அத்தை சொன்னார். வாசலில் விளக்குப் போட்டுவிட்டோம், கைப்பிடியும் வைத்துவிட்டோம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பையன் நேற்றுப் பேப்பரில் "மஞ்சள் விலை" என்பதை "மஞ்சல் விளை" என்று எழுதிக் காட்டியிருக்கிறான். "ஈரோட்டு மாவட்டத்துல பொறந்துட்டு மஞ்சளையே தப்பா எழுதறயா?" என்று அப்பாரு பத்துத் தடவை எழுத வைத்திருக்கிறார். நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். பத்தாவது மஞ்சள் சரியாக இருந்தது.